எதிர்ப்பக்கம் படுத்த இலைகள்

சலவைக்கடையில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிஐடி. துணி வாங்கும் மேசை அவளுடையது. வருகிற துணியை உதறி, பைக்குள் கைவிட்டுத் துழாவி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எந்தக் கறை எங்கே என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். பிறகு யாரும் வந்து, இது உங்கள் கடையில் பட்ட கறை என்று சண்டைக்கு நிற்க முடியாது. ஒரு சட்டையைப் பார்த்தால் போட்டிருந்தவர் எதில் சாய்ந்தார், எதைச் சிந்தினார், அதை யாரிடம் மறைக்கப் பார்த்தார் என்பது வரை தெரிந்துவிடும். கடையைப் பூட்டினால் கண்ணையும் பூட்டிவிட முடியுமா? வீட்டுக்கு வரும் விருந்தாளியின் காலரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாங்க என்பாள்.

அவள் வீட்டிலேயே, ஆண்டுக்கடைசி விடுமுறை நெருங்கிய ஒரு சனிக்கிழமை காலையில், கணவரின் சட்டையில் பிசின் இருந்தது. இடது கைப்பட்டியில்.

பிசினைக்கூட விட்டுவிடலாம். அதைச் சுற்றி ஓர் எண்ணெய் வட்டம். சமையல் எண்ணெயைத் தடவிப் பிசினை எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுக் கசக்கியிருந்தால் தடயமே இருந்திருக்காது. பாதி தெரிந்த ஆள் சொன்ன யோசனை. அவருக்கோ அந்தப் பாதியும் தெரியாது. கழற்றிப் போட்ட சட்டை தானாக வெளுத்து, தானாக மடிந்து அலமாரிக்கு வந்துவிடும் என்பதுதான் அவருடைய சலவை ஞானம். அப்படியென்றால் சொல்லிக்கொடுத்தது யார்?

கேட்டாள். பூங்கா பெஞ்சில் பெயிண்ட் காயவில்லை என்றார். பெயிண்டாம். முப்பது வருஷமாகக் கறையோடு குடித்தனம் நடத்துகிறவளிடம் சொல்கிற பொய்யா இது? ஓகோ என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

டெலிபோன் கம்பி இழுக்கும் வேலையிலிருந்து போன வருஷம் ஓய்வு பெற்றவர் அவர். அதிலிருந்து தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறார். முதலில் போன வேகத்தில் திரும்பிவிடுவார். இப்போதெல்லாம் இருட்டின பிறகுதான் வருகிறார், அதுவும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. நடந்துவிட்டு வருகிறவன் மூச்சு வாங்குவான், பாடுவானா?

அவருக்கு இலை தழை என்றாலே ஆகாது. விடுமுறைக்கு வாசல் கதவில் மாட்டும் பச்சை வளையத்தை வருஷாவருஷம் அவள் தனியாகத்தான் கட்டுவாள். கடையில் வளைந்துபோன ஹேங்கர்களைப் பிரித்து வட்டமாக்குவாள். ஊசியிலைக் கிளைகளை விரல் நீளத்துக்கு நறுக்கிச் சின்னச்சின்னக் கொத்தாக்குவாள். முந்தின கொத்தின் காம்பை அடுத்த கொத்து மூடும்படி அடுக்கிக் கம்பி சுற்றிக்கொண்டே போவாள். இலை நுனியெல்லாம் கடிகார முள் போகிற பக்கமே படுத்திருக்க வேண்டும். ஒன்று திரும்பினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. அந்த நேரத்தில் அவர் தும்மிக்கொண்டே உள்ளறைக்குப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் கையில் ஊசியிலைப் பிசின்.

வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னாள். மகள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

"அப்பாவுக்கா? அதுக்கெல்லாம் ஒரு தைரியம் வேணும்மா."

மகளுக்கு என்ன தெரியும். எண்ணெய் வட்டத்தைப் பார்த்தாளா அவள்?

மறுநாள் சாயங்காலம் அவர் கிளம்பிப் போனதும், குப்பை கொட்டும் சாக்கில் இவளும் கீழே இறங்கினாள். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் நர்ஸின் கதவில் ஒரு வளையம் தொங்கிக்கொண்டிருந்தது. புதுசு. தடியாக, பசேலென்று, செக்கச்செவேலென்ற காய்க்கொத்தோடு. நல்ல வேலை என்று மனசு சொல்லிவிட்டது. கண் அதற்குள் வேறொன்றைப் பார்த்துவிட்டது. இலைகள் எதிர்ப்பக்கம் படுத்திருந்தன.

இடதுகைக்காரர் கட்டினால்தான் அப்படிப் படுக்கும். அவள் கணவரைப் போல.

குப்பைக் கூடையைத் தரையில் வைத்தாள். வளையத்தைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள். கம்பி முனைகளை முறுக்கி, யார் கையிலும் குத்தாதபடி உள்பக்கம் மடித்துச் செருகியிருந்தது. வீட்டில் துணிக்கொடி முதல் பால்கனி வலை வரை அவர் கட்டியதெல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கும். எனக்குத் தும்மல், இவளுக்கு வளையமா?

கதவு திறந்தது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நர்ஸ், பாதி பின்னிய தலையோடு நின்றாள்.

"நல்லா இருக்கில்லக்கா? அண்ணன் கட்டிக் குடுத்தது."

அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எந்த அண்ணன் என்று தெரியாதவள் போலக் கேட்டாள். பதில் ஒளிவு மறைவில்லாமல் வந்தது. பின்பக்க சைக்கிள் ஷெட்டில் அண்ணன் தினமும் உட்கார்ந்து கட்டுகிறார். அடுத்த தெருவில் மரம் வெட்டினபோது கிளைகளைக் கேட்டு வாங்கி வந்தார். கேட்கிற வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறார். சட்டையில் பிசின் பட்டபோது நர்ஸ்தான் எண்ணெய் தடவச் சொன்னாள்.

"எண்ணெய் போட்டா அப்புறம் சோப்பு போடணும்," என்றாள் சிஐடி. அந்த நேரத்திலும் அது வாயில் வந்துவிட்டது. பிறகு, "எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரலையே," என்றாள்.

நர்ஸ் பின்னலைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் தயங்கினாள். "நானும் கேட்டேன்க்கா. எங்க வீட்டுக்கு வேண்டாம், அவ பிரிச்சுடுவான்னாரு."

நர்ஸ் போய்விட்டாள். இவள் கூடையைத் தூக்க மறந்து நின்றாள்.

பிரித்தது உண்மைதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம். பால் பொங்குகிறதென்று அவள் அடுப்படிக்கு ஓடின இடைவெளியில் அவர் உட்கார்ந்து கால்வட்டம் கட்டிவைத்திருந்தார். அவள் வந்து பார்த்தாள். இலை தலைகீழாகப் படுத்திருந்தது. அவர் கண்ணெதிரிலேயே கம்பியைப் பிரித்து, கொத்துகளை உதறி, முதலிலிருந்து கட்டினாள். கறையை எடுக்கிற மாதிரி. அடுத்த வருஷத்திலிருந்து அவருக்குத் தும்மல் வந்தது.

ஷெட்டில் மஞ்சள் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. பழைய டயர்மேல் உட்கார்ந்து, குறடைப் பல்லில் கடித்தபடி அவர் ஒரு கொத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலைக்குமேல் வளையங்கள் வரிசையாகத் தொங்கின. அவளைப் பார்த்ததும் குறடு மடியில் விழுந்தது.

"தும்மல் வரலையா?" என்றாள்.

அவர் யோசித்தார். "வரும்," என்றார்.

அவள் சிரிக்கவில்லை. கிளைக்குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நர்ஸ் வீட்டில் காபி குடித்தீர்களா என்று கேட்டாள். ஒரு தடவை என்றார். சர்க்கரை போட்டதா என்று கேட்டாள். அவர் குறடை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அதை மனசில் குறித்துக்கொண்டாள். பிறகு பக்கத்தில் கிடந்த வெறும் வளையத்தை இழுத்து, உச்சியிலிருந்து தன் பக்கம் கட்டத் தொடங்கினாள். மறுபக்கத்தை அவரிடம் நீட்டினாள். இரண்டு பேர் முழங்கையும் இடித்துக்கொண்டேயிருந்தது. கீழே இரண்டு வரிசையும் வந்து முட்டின இடத்தில் இலைகள் ஒன்றையொன்று குத்திக்கொண்டு விறைத்து நின்றன. அங்கே என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்படியே விட்டார்கள்.

விடுமுறையின் முதல் நாள் காலையில் கதவைத் திறந்தவளுக்கு, அதில் மாட்டியிருந்த வளையத்தில் இலைகள் முட்டின அந்த இடம்தான் முதலில் கண்ணில் பட்டது. கை தன்னால் அங்கே போனது. ஒரே ஒரு கொத்து, திருப்பிவிட்டால் போதும்.

முதுகில் எதுவோ உறுத்தியது. திரும்பினாள். நாற்காலியில் பேப்பர் விரிந்திருந்தது, பக்கம் புரளவில்லை. அதன் மேல்விளிம்பில் இரண்டு கண்கள், அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. கடையில் அவள் சட்டைகளைப் பார்க்கிற அதே பார்வை.

"தூசி," என்றாள். தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"ஓகோ," என்றார் அவர்.