தட்டில் விழுந்த சிவப்புக் கீற்று

ஆய்வகத்தில் எல்லோரும் அவரைத் தட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஈஸ்ட் வளர்வதற்கான கூழைக் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் ஊற்றி ஆறவைப்பது அவர் வேலை. பதினெட்டு வருடங்களில் அவர் ஊற்றிய தட்டில் பூஞ்சை பூத்ததாக ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அப்போது பேராசிரியர் ஈஸ்ட்டில் ஒரு மரபணுவை நீக்கிவிட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். அது டிஎன்ஏவில் விழும் உடைசலைச் சரிசெய்யும் மரபணு. அது இல்லாத ஈஸ்ட், புறஊதாக் கதிர் பட்டால் கொத்துக் கொத்தாகச் செத்தது. எந்தச் செல்லாவது ஒரு குரோமோசோமைத் தவறவிட்டால், அதன் வழிவந்தவை சிவப்பாகத் தெரியும்படி அந்த ஈஸ்ட்டையும், ஒப்பிட வைத்திருந்த சாதாரண ஈஸ்ட்டையும் அமைத்திருந்தார்கள்.

ஒரு காலை, கதிரே காட்டாத தட்டுகளிலும் வெள்ளைத் திட்டுகளின் நடுவே சிவப்புக் கீற்றுகள் இருப்பதை அக்கா பார்த்தார். உடனே பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"சார், இதுக்குக் கதிரே காட்டல. அப்புறம் எப்படி சிவக்குது?"

அவர் தட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "தட்டு அழுக்கும்மா. ஒழுங்கா ஊத்தியிருந்தா இது வராது. தூக்கிப் போடுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தூக்கிப் போடவில்லை. ஒரே கூழை ஊற்றி, ஒரே தட்டில் ஒரு பாதியில் சாதாரண ஈஸ்ட்டையும் மறுபாதியில் மரபணு இல்லாததையும் வளர்த்தார். அழுக்கென்றால் இரண்டும்தானே சிவக்க வேண்டும்? சாதாரண ஈஸ்ட் பால்போல வெளுத்திருந்தது, மற்றதில்தான் கீற்று. ஆறு வாரம் தேதி போட்டு நோட்டில் எழுதினார். பேராசிரியரிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி அந்த நோட்டைப் படித்துவிட்டு, ஈஸ்ட்டில் அந்த மரபணுவைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். கீற்று மறைந்தது. உடைசலைச் சரிசெய்வதோடு, செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படவும் அந்த மரபணு வேண்டும் என்பது தெளிவானது.

இதை வைத்துப் பேராசிரியர் எழுதிய கட்டுரை அடுத்த வருடம் வந்தது. அதில் மாணவியின் பெயர் இருந்தது, பேராசிரியரின் பெயர் இருந்தது. தட்டக்காவின் பெயரை மட்டும் காணோம். கடைசி வரியில், "உதவியாளர்களுக்கு நன்றி."

அக்கா நோட்டோடு ஆய்வகக் கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"என் பேரு எங்க சார்?"

"நீங்க தட்டு ஊத்துனீங்கம்மா. அது உங்க வேலை. அறிவியல் பண்ணது நாங்க."

"அழுக்குன்னா அது என் தட்டு. கண்டுபிடிப்புன்னா உங்க தட்டா?"

மாணவி எழுந்தாள். "முதல்ல பார்த்தது அக்காதான் சார்."

பேராசிரியர் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார். அக்காவும் மாணவியும் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து, கையெழுத்துப் போட்டு, கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கே கடிதம் அனுப்பினார்கள். ஏழு மாதம் இழுத்தடித்த பிறகு திருத்தம் வெளியானது. மூன்றாவதாக அக்காவின் பெயர்.

"அதான் போட்டுட்டாங்களே, இன்னும் ஏன் பொருமுற?" என்றார் கணவர்.

"அவங்களா போட்டாங்க? நான் போட வச்சேன்."

அடுத்த திங்கட்கிழமையே அக்காவைக் கண்ணாடிக் கலம் கழுவும் அறைக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டால், நிர்வாக வசதியாம். அக்கா அன்றே அடுத்த புகாரை எழுதினார். விசாரணை இன்னும் முடியவில்லை.