மூடாத டிரம்

தம்பானூரில் பக்கத்து லாட்ஜின் சாக்கடை எங்கள் வாடகை வீட்டு வாசலில்தான் தேங்கும். மனைவி டெங்குக் காய்ச்சலில் படுத்ததும், சுகாதார ஆபீசுக்குப் போய்க் கத்தித் தீர்த்துவிட்டுப் புகார் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் வந்த மலையாளி இன்ஸ்பெக்டர் சாக்கடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு வீட்டின் பின்பக்கம் போய், மூடாமல் கிடந்த டிரம்முக்குள் டார்ச் அடித்தார். குழாயில் தண்ணீர் நின்றுவிடுமே என்று நான் பிடித்து வைத்த தண்ணீர் அது. உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"டெங்குக் கொசு சாக்கடையில இல்ல அண்ணாச்சி, நல்ல வெள்ளத்திலதான், இதுமாதிரி தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டையிடும். இது ஆரு பிடிச்சு வெச்சது?"

உள்ளே படுத்திருந்த மனைவி ஈனக்குரலில் சொன்னாள்: "நான்தான் சார். மூட மறந்துட்டேன்."

ஆபீசில் அத்தனை கத்திய நான் வாயைத் திறக்கவில்லை.