கனடாக்காரனுக்கு ஒரு மெழுகுதிரி

மெல்பேர்னின் மேற்கே ஒரு சேமக்காலையில் பதினொரு வருடமாகப் புல் வெட்டுகிறேன். உலகப் போர்க்காலத்துக் கல்லறைகள் ஒரு மூலையில் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒருவன் கனடாக்காரன், விமானி, இருபத்திரண்டு வயது. அவன் சண்டையில் சாகவில்லை. பயிற்சியில் விமானம் விழுந்து செத்தான் என்று அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவனைப் பார்க்க ஈ காக்கைகூட வந்ததில்லை.

மன்னாரில் நவம்பர் இரண்டாம் திகதி, இறந்தோர் நினைவு நாளில், ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். இங்கே எங்கள் ஆட்கள் செத்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிப் பூசைக்குக் கொடுப்பார்கள். என் தாள் எப்போதும் வெறுந்தாள்தான். சண்டைக்காலத்தில் தம்பியைப் பதினேழு வயதில் இயக்கத்தார் பயிற்சிக்கென்று கொண்டுபோனார்கள். பிறகு ஒரு செய்தியும் இல்லை. அவன் பெயரை எழுத அம்மா விடமாட்டார். "என்ர பிள்ளையை நீ சாக்காட்டாத" என்பார். அவனுக்காக அவர் ஒருநாளும் அழுததில்லை. அழுதால் செத்தவனாகிவிடுவானாம். வருடா வருடம் இதே கதை. எனக்கு அலுத்துவிட்டது.

போன நவம்பரில், அந்த வெறுப்பில், கனடாக்காரனின் பெயரை எழுதிக் கொடுத்தேன். வேலை முடிந்ததும் அவன் கல்லைக் கழுவினேன். இங்கே நெருப்புக் கொளுத்த விடமாட்டார்கள் என்பதால் பற்றரி மெழுகுதிரி ஒன்றை வைத்தேன். அப்போது மன்னாரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தார்.

"ஆற்ற பேரைக் குடுத்தனி?" குரலில் பயம் தெரிந்தது.

"தம்பியிட இல்லையம்மா. ஒரு கனடாப் பெடியன்ர. பயிற்சியில செத்தவன்."

"பயிற்சியிலயோ?" "தாய்க்கு ஆரும் அறிவிச்சவையே?"

"ஓம். கடிதம் போயிருக்கும்."

"குடுத்து வைச்ச மனுசி" என்றார்.

அப்படியே புல்லில் குந்திவிட்டேன். தம்பியின் பெயரையும் எழுதுவோமா என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"இன்னொரு திரி இருந்தா அவனுக்குப் பக்கத்தில வை. பேர் ஒண்டும் சொல்லாத."

பெட்டியில் இன்னொன்று இருந்தது. வைத்தேன். போனைத் திருப்பி இரண்டையும் காட்டினேன்.

அம்மா அழத் தொடங்கினார்.