ஆயுத பூஜைக்குக் கழுவாத தொட்டி

"மீன் எங்க?"

எங்கள் வீட்டுக்குள் நுழைந்த எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஓசூர் வாடகை வீட்டின் ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், மணல், கல். மீன் கிடையாது. எனக்கு எரிச்சலாக வரும். "வர்றப்ப வரும், டீயக் குடி" என்பேன்.

கடல் தொட்டியில் அவசரப்படுகிறவன் மீனைக் கொல்கிறான். இதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை, இன்றைக்கும் இல்லை. மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அதைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் முதலில் கல்லில் குடியேற வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். பெங்களூரிலிருந்து கடல் தொட்டிக்கான உப்பு வாங்கி வந்தேன். போர் தண்ணீர் ஆகாது என்று ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கினேன். அந்த உயிர்களுக்குத் தீனியாக ஒரு இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டேன். நாற்றம் தாங்காமல் மனைவி என்னோடு பேசவில்லை. அப்புறம் கல்லெல்லாம் பழுப்புப் படிந்தது. தொட்டி உயிர் பிடிக்கிறது என்று எனக்குச் சந்தோஷம். மற்றவர்களுக்கு அது அழுக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்தேன். வாசலில் மனைவியின் அண்ணன். என் வயதுதான், எங்கள் கம்பெனியிலேயே உலைப் பிரிவில் வேலை. என் பைக்கைக் கழுவி முடித்துவிட்டு, ஒரு கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர். கல் வெள்ளைவெளேரென்று இருந்தது. மிச்சக் கற்களைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் எடுத்து வைத்திருந்தான். அதனால் அவற்றிலிருந்த நுண்ணுயிர்கள் பிழைத்தன.

"கைய எடு மச்சான்!"

"என்னா மாப்ள கத்தற? நாளைக்குப் பூஜ. பாசி புடிச்சிக் கெடக்குது. மீனுதான் வாங்கல, கழுவறதுக்குமா ஒடம்பு வணங்கல?"

"நான்தாங்க கழுவச் சொன்னேன். பொட்டு வெக்கணும்ல?" என்றாள் மனைவி.

"பூஜைக்கு எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவறோம். உன் உலைய அணைச்சியா மச்சான்?"

"லூசா நீ? அத அணைச்சா மறுபடி சூடேத்தறதுக்குள்ள தாவு தீந்துடும். வெளிய தொடச்சிப் பொட்டு வெப்போம், அவ்ளோதான்."

"இதுவும் அப்படித்தான். உள்ள வேல நடக்குது. வெளிய தொட."

பக்கெட்டைப் பார்த்தான், நாரைக் கீழே போட்டான். பிறகு கற்களை எடுத்து வந்து கொடுத்தான். அடுக்கினேன். மனைவி கண்ணாடிக்கு வெளியே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். வெளுத்த கல்லை உள்ளே விடவில்லை, வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

நான் இன்னும் காத்திருந்தேன். விஷம் இருந்தால் பச்சையாகும் சோதனைக் குப்பியில் தண்ணீர் மஞ்சளாகவே நின்ற பிறகுதான் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு வந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

அடுத்து வந்தவர்கள் "பவளப்பாறை எங்க?" என்று ஆரம்பித்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் எகிறினான்.

"உலை சூடாவறதுக்கு முன்ன எவனாச்சும் சரக்கு ஏத்துவானா? டீயக் குடிங்க."