நான்காம் நாளில் கொடுக்காதவள்

என் அம்மா மார்லிஸ் ப்ரோக்கா துப்பாக்கி விற்றாள். இருபத்தொன்பது வருடம். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே, ட்ரவுட் பெண்ட் ஊரில், ஏரிக்கரைச் சாலையில் கடை. முன்பக்கம் மண்புழு, தூண்டில், மீன்பிடி உரிமம். பின்பக்கம் துப்பாக்கி. இந்த மார்ச் பதினொன்றாம் தேதி காலை, கடையைத் திறக்கும்போது பக்கவாதம் வந்து இறந்தாள். வயது அறுபத்தெட்டு.

உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பை எழுதியவர் வெண்டல் மாமா, அம்மாவின் தம்பி. நன்றாக மீன் பிடிப்பாள், நன்றாகச் சமைப்பாள் என்று எழுதியிருந்தார். இரண்டும் பொய். மீன் சுமாராகத்தான் பிடிப்பாள். சமையல் வரவே வராது. அவள் செய்த ஒரே பெரிய காரியம் அந்தக் குறிப்பில் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

துப்பாக்கி வாங்க வருபவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கடைக்காரர் அதை அரசாங்கத்துக்கு அனுப்புவார். வாங்குபவர்மேல் குற்றப் பதிவு உண்டா என்று அங்கே பார்ப்பார்கள். மூன்றில் ஒரு பதில் வரும்: கொடு, கொடுக்காதே, பொறு. 'பொறு' என்று வந்தால் மூன்று வேலைநாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறு பதில் வராவிட்டால் நான்காம் நாள் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை, கொடுக்கலாம், அவ்வளவுதான். எல்லாக் கடைக்காரர்களும் கொடுத்தார்கள். அம்மாவும் கொடுத்தாள்.

நான் காகித ஆலையில் கொதிகலன் கருவிகளைப் பார்த்துக்கொள்பவள். உள்ளே சுடர் எரிகிறதா என்று பார்க்க ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணிலிருந்து தகவல் வரவில்லையென்றால் எரிவாயு தானாக நிற்கும். 'தெரியவில்லை' என்பதை 'எரிகிறது' என்று எடுத்துக்கொள்ளும் கொதிகலனை யாரும் கட்டுவதில்லை. கட்டினால் ஆலை வெடிக்கும். இதை அம்மாவிடம் நான் சொன்னதில்லை. அவளே கண்டுபிடித்தாள்.

ஆறு வருடத்துக்கு முன், அக்டோபரில், பக்கத்து மாவட்டத்தில் ஒருவன் கிரான்பெரிப் பழங்களைப் பெட்டியில் அடைக்கும் கொட்டகைக்குள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி, அம்மாவின் நண்பர் ஆர்வின் கடையில் வாங்கியது. 'பொறு' என்று வந்திருந்தது. நான்காம் நாள் கொடுத்தார். 'கொடுக்காதே' என்ற பதில், சவ அடக்கம் முடிந்த பிறகு வந்தது.

அம்மா அவரைப் பார்க்கப் போனாள். நான்தான் வண்டி ஓட்டினேன். ஆர்வின் சமையலறையில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அவனைப் பதினஞ்சு வருஷமாத் தெரியும் மார்லிஸ். என் பொண்ணு கல்யாணத்துல ஆடினவன். நான் தப்பு ஒண்ணும் பண்ணல. சட்டம் குடுக்கலாம்னுச்சு."

"குடுக்கலாம்னுச்சு. குடுன்னு சொல்லலையே ஆர்வின்."



வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய படிவங்களையெல்லாம் எடுத்து மேசைமேல் பரப்பினாள். பதில் வராமலே அவள் கொடுத்தவை பதினொன்று.

"பதினொரு பேரும் யாரையும் சுடல. அது என் சாமர்த்தியமா?" என்றாள்.

"இல்ல. அதிர்ஷ்டம்."

"அதான் நானும் நெனச்சேன்."

மறுநாள் ஒரு அட்டையில் எழுதி கல்லாப்பெட்டிக்கு மேல் ஒட்டினாள். 'பதில் வரும்வரை இல்லை. யாருக்கும்.'

ஊர் கொதித்தது. மேடிசன் எங்கள் மாநிலத் தலைநகரம். துப்பாக்கிக்கு எதிரான கூட்டமெல்லாம் அங்கேதான் நடக்கும். "மேடிசன்காரங்க உன்னை எவ்வளவுக்கு வாங்கினாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"அவங்க இங்க ஒரு டஜன் புழுகூட வாங்கினதில்ல. நீ வாங்க வந்தியா, பேச வந்தியா?"

மேடிசன்காரர்களும் வந்தார்கள். மேடையில் ஏறிப் பேசச் சொன்னார்கள். 'மனம் திருந்திய வியாபாரி' என்று துண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். "திருந்தலையே. இன்னும் விக்கிறேனே," என்றாள். அவர்கள் போனபின் அந்தத் துண்டறிக்கையில் மீன் சுற்றினாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் வெண்டல் மாமா.

எங்கள் ஊரில் மான் பருவம் ஒன்பது நாள். நவம்பரில் ஒரு சனிக்கிழமை தொடங்கும். தாத்தா கட்டிய வேட்டைக் குடிலில் குடும்பம் முழுக்கக் கூடும். அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. இப்போது குடில் மாமாவின் பெயரில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், செப்டம்பரில், மாமாவின் கொட்டகை எரிந்து துப்பாக்கிகளும் போயின. பருவத்துக்கு முந்தைய திங்கட்கிழமை புது ரைஃபிள் வாங்க வந்தார். படிவம் நிரப்பினார். 'பொறு' என்று வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு கோட்டோடு வந்தார். கடை நிறைய ஆட்கள். நானும் லீவு போட்டு உதவிக்கு இருந்தேன்.

"நாலாம் நாள்க்கா. எடு."

"பதில் வரல வெண்டல்."

"நான் உன் தம்பி."

"தெரியும். அம்மா வயித்துல நீ உதைச்சதையே பார்த்திருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "என்மேல சந்தேகமா உனக்கு?"

"துளிகூட இல்ல."

"அப்புறம் என்ன?"

"சந்தேகம் வந்தா எவனும் குடுக்க மாட்டான்டா. ஆர்வினுக்குச் சந்தேகம் வரல. மூஞ்சியப் பார்த்து முடிவு பண்ற வேலையை நான் விட்டுட்டேன்."

"சரி, உன் ரைஃபிளையாவது குடு. ஒன்பது நாள் கழிச்சுத் தரேன்."

"அதுவும் துப்பாக்கிதானே."

மாமாவின் கழுத்து சிவந்தது. "இத்தனை பேர் முன்னால என்னைக் கொலைகாரன் ஆக்குற. நாளைக்கு என் குடிலுக்கு வராத. இனி எப்பவுமே வராத."

அந்தக் குடிலின் சுவரில் அம்மா சுட்ட முதல் மானின் கொம்பு இருக்கிறது. அவளுக்கு வேறு கோயில் கிடையாது.

"சரி," என்றாள். பிறகு வரிசையில் அடுத்து நின்றவரைப் பார்த்தாள். "உனக்கு என்ன வேணும்?"

பத்து நிமிடத்தில் மாமாவுக்கு யாரோ ஒரு ரைஃபிளை இரவல் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் அம்மாவிடம், "பார்த்தியா, நீ குடுக்காததால என்ன கிழிஞ்சுது?" என்றார்.

"ஒண்ணும் கிழியல. ஆனா என் கையால போகல."

அதைப் பலர் கேலி செய்தார்கள். இன்றும் செய்கிறார்கள். ஒரு வால்வை மூடினால் ஆலை முழுவதும் பத்திரமாகிவிடாதுதான். அதற்காக நான் எந்த வால்வையும் திறந்து வைப்பதில்லை.

மான் பருவம் முடிந்த வாரம் பதில் வந்தது. 'கொடு.' நெப்ராஸ்கா மாநிலத்தில் அதே பெயரில் குற்றப் பதிவுள்ள வேறொருவன் இருந்திருக்கிறான், அவ்வளவுதான். அன்றே அம்மா மாமாவுக்குப் போன் செய்தாள். "பதில் வந்துடுச்சு. வந்து எடுத்துக்கோ." மன்னிப்புக் கேட்பாள் என்று மாமா காத்திருந்தார் போல. அவள் கேட்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு மான் பருவம். அம்மா அரசாங்கக் காட்டில் என்னோடு வேட்டையாடினாள். குடில் இருக்கும் திசையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் காரில் திரும்பும்போது அந்தப் பாதை முனை வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் மாமா கடைக்கு வந்தார். நான் இருப்புப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"கடையை நீ நடத்தப்போறேன்னு கேள்விப்பட்டேன், ரெனே."

"ஆமா மாமா. லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கேன்."

"நல்லது. நவம்பர்ல குடிலுக்கு வா. உங்கம்மா கட்டில் அப்படியேதான் இருக்கு. யாரையும் படுக்க விடல." "அந்த அட்டையை மட்டும் எடுத்துடு. ஊர்ல எல்லாரும் மறுபடி வருவாங்க. எனக்கும் அந்த அவமானம் போகும்."

அந்தக் கட்டிலை நான் பார்க்க வேண்டும். அதில் ஒரு இரவாவது படுக்க வேண்டும். இதை எழுதும்போதும் அந்த ஆசை இருக்கிறது.

"அது முடியாது மாமா."

"அவ செத்துட்டாம்மா. இனி யாருக்காகப் பிடிவாதம் பிடிக்கிற?"

"கிரான்பெரி கொட்டகையில அந்த ஆறு பேருந்தான் செத்துட்டாங்க. அதுக்காக விட்டுடலாமா?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அப்போ குடிலும் இல்ல."

"சரி," என்றேன்.

லைசென்ஸ் அதிகாரியோடு நேர்காணல் ஜூன் ஒன்பதாம் தேதி. கடையை எப்படி நடத்துவாய் என்று கேட்பார்கள். அட்டையில் இருப்பதைச் சொல்லப்போகிறேன்.