கமலாசனியின் பம்ப் தின்ற இரண்டு சீல்

மாங்குளம் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரும்பு கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிற ராஜினி, முத்துலிங்கத்தாரின் இரண்டாவது மகள். முத்துலிங்கத்தாருக்கு ஒரே தங்கை. அந்தத் தங்கை பெற்றவள்தான் கமலாசனி. ஆக இருவரும் மச்சாள்மார். வாய் காட்டாமல் இருவரும் ஒரு தேத்தண்ணி குடித்ததில்லை.

அன்று காலை கமலாசனி சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு வந்து, தண்ணீர்ப் பம்பின் சுழல்தண்டான சாஃப்ட்டை மேசையில் போட்டாள்.

"இந்தாரும் மச்சாள், உம்மடை கைவேலை. தண்ணி ஒழுகாமல் போட்ட ரெண்டாவது ரப்பர் சீலையும் திண்டிட்டுது. பம்ப் வயலுக்கு இறைக்குதோ, தான் குளிக்குதோ தெரியேல்லை."

"கூடாத சீலா இருக்கும்."

"போன கிழமையும் இதைத்தான் சொன்னனீர். வேறை கதை இல்லையோ?"

ராஜினிக்கு ஐம்பத்தைந்து வயது. விடிந்ததிலிருந்து முழங்கால் குத்திக்கொண்டிருந்தது. பதில் சொல்லவும் அலுப்பாயிருந்தது. ஆனால் நிலைமை அவளுக்கும் தெரியும். சிறுபோக நெல் கதிர் தள்ளும் முன்னே குடலை விட்டு நிற்கிறது. மூன்று நாளைக்குள் கிணற்றுத் தண்ணீர் பாயாவிட்டால் மச்சாளுக்குப் பதர்தான் மிஞ்சும். அயலில் எல்லாப் பம்பும் ஓடுகிறது, இரவல் கேட்க வழியில்லை. பழைய சாஃப்ட்டை இனித் தேய்த்தால் மெலிந்துவிடும். புதுசு வெட்டப் பட்டறையில் கிடந்தது ஒரேயொரு இரும்புக் கம்பித் துண்டு. வவுனியாக் கடைக்கு அடுத்த கிழமைதான் சாமான் வரும்.

பழைய சாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். கிறிக் கிறிக்கென்று வரி வரியாகத் தட்டுப்பட்டது. சீலின் ரப்பர் உரசுகிற இடம் அதுதான். எமரித்தாள் போட்டு மினுக்கியதில், வெட்டிக் கொடுத்த அன்று கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டது.

புதுக் கம்பியைத் தொடாமல், சோதித்துப் பார்க்க அதையே லேத்தில் மாட்டி, பழக்கப்படி ஆழமாக ஒரு வெட்டுக் கொடுத்தாள். லேத் அலறியது. தட்டிலிருந்த தகரப்பேணிகள் கிடுகிடுத்தன.

"என்ன மச்சாள், குண்டு போடக் கிபிர் வருகுதோ? பங்கருக்குள்ளை ஓடவோ?"

வேகத்தைக் குறைத்தாள். சத்தம் அடங்கியது, ஆனால் இரும்பு வெட்டுப்படாமல் பிய்ந்து பலாத்தோல் மாதிரி வந்தது. வேகத்தைக் கூட்டினாள். திரும்பவும் அலறல். நிற்பாட்டிவிட்டுக் கதிரையில் இருந்தாள்.

அவள் தகப்பனிடம் வேலை பழகிய சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் எஞ்சினில் பெல்ட் போட்டுத்தான் லேத் சுற்றியது. மண்ணெண்ணெயோ போத்தல் கணக்கில். "ரெண்டாந்தரம் ஓட விடாதை பிள்ளை, ஒரே வெட்டிலை எடு" என்பார் முத்துலிங்கத்தார். மங்கல் வெளிச்சத்தில் நுனி தெரியவேண்டுமென்று லேத்தின் வெட்டுக் கத்தியை மூன்று விரல் வெளியே நீட்டி இறுக்குவார்கள். கரண்ட் வந்து எத்தனையோ வருசம். அவள் கை இன்னும் மண்ணெண்ணெய் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது. நீட்டி இறுக்கிய கத்தி ஆடும். ஆழமாக வெட்டினால் இன்னும் ஆடும். அந்த ஆட்டம் அப்படியே இரும்பில் வரியாக விழுந்து, சீலின் ரப்பரை அராவும்.

"மச்சாள், சீலிலை பிழையில்லை. என்ரை வெட்டுத்தான் பிழை."

கமலாசனி வாய்க்கு வந்ததை விழுங்கினாள். "கண்டிட்டீரெல்லே, திருத்தும். நான் இருக்கிறன்."

கத்தியை ஒரு விரலளவுக்கு உள்ளே தள்ளி இறுக்கினாள். வேகத்தைக் கூட்டி, மெல்லிசாக வெட்டினாள். சத்தமில்லை. பழைய சாஃப்ட்டில் நகம் வழுக்கியது.

பிறகுதான் புதுக் கம்பியை மாட்டினாள். ஒரே வெட்டில் முடிகிற வேலை பத்து வெட்டாயிற்று. இரும்புச் சீவல் தலைமயிர் மாதிரிச் சுருண்டு விழுந்தது. எட்டாவது வெட்டோடு கால் மரத்துவிட்டது. கொஞ்சம் ஆழமாக விட்டால் இத்தோடு முடியும். கை, வெட்டின் ஆழத்தைக் கூட்டுகிற சுழற்றியில் போய் நின்றது. ராஜினி பெருமூச்சு விட்டு, மெல்லிசாகவே வைத்தாள்.

புதுச் சாஃப்ட்டைக் கொண்டுபோய்ப் பூட்டிய கமலாசனியிடமிருந்து பொழுதுபடப் போன் வந்தது.

"ஒரு மணித்தியாலமாப் பம்புக்குப் பக்கத்திலை குந்தியிருக்கிறன். ஒரு சொட்டு ஒழுக்கில்லை மச்சாள். கடைசி வரம்புக்கும் தண்ணி ஏறிட்டுது."

"சரி."

"என்ன சரி? சந்தோசமெண்டு ஒரு சொல்லு வராதோ?"

"சந்தோசம்தான். கால் நோகுது, வைக்கிறன்."

அயலிலுள்ள செல்வநாயகத்தாரின் பம்பிலும், அவர் மருமகனின் பம்பிலும், ஸ்ரனிஸ்லஸின் பம்பிலும் அவள் வெட்டிக் கொடுத்த சாஃப்ட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர்களுக்கும் சீலைத்தான் பழி சொல்லி அனுப்பியிருந்தாள். கம்பி வந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பிழை தன் வெட்டில்தான் என்று சொல்லவேண்டும். நினைக்கவே களைத்தது. ஆனாலும் கம்பி வரும்வரை பொறுக்காமல் போனைத் திரும்ப எடுத்து, முதலில் செல்வநாயகத்தாரின் இலக்கத்தைத் தேடினாள்.