எண்ணெய் கொட்டிய வளைவு

என் மனைவி ரோஸியைப் பாம்பு கடித்த நேரத்தில் எங்களைச் சுற்றி ரேஸ் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மைசூருக்கு வெளியே ஒரு ரேஸ் மைதானத்தில் அப்போது எனக்கு வேலை. டயர் அடுக்குவது, தடுப்பு நகர்த்துவது. கௌதள்ளி கிராமத்தில் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எந்த ஊரிலும் நிலைத்து நின்றதில்லை.

அந்தத் தடத்தில் இரண்டு விதமாகப் பந்தயம் வைப்பார்கள். சின்னச் சுற்று அலுவலகப் பக்கத்திலேயே திரும்பிவிடும். பெரிய சுற்று பின்பக்கக் கேட் வரை போய் வளைந்து வரும். நாங்கள் குடியிருந்த தகரக் கொட்டகை அந்தப் பெரிய சுற்றுக்கு நடுவில் இருந்தது. அதில் பந்தயம் நடந்தால், முடியும்வரை யாரும் வெளியே போக முடியாது.

அன்று பெரிய சுற்று. ரோஸி கொட்டகைக்குப் பின்னால் விறகு பொறுக்கப் போனாள். கண்ணாடி விரியன். பார்க்கப் பார்க்கக் கால் வீங்கியது.

தட ஓரத்தில் நின்ற கொடிக்காரரிடம் ஓடினேன். அவர் வயர்லெஸ்ஸில் சொன்னார். பந்தய அதிகாரியின் பதில் எனக்கும் கேட்டது.

"ஆம்புலன்ஸ் இருக்கறது கார் ஓட்றவங்களுக்குப்பா. அது கிளம்பினா பந்தயத்தையே நிறுத்தணும். கொஞ்ச நேரந்தான், அந்தம்மாவ ஆடாம உக்காரச் சொல்லு."

"அண்ணா, பந்தயத்த நிறுத்துற அந்தச் சிவப்புக் கொடியக் காட்டுங்க" என்றேன்.

"உத்தரவு இல்லாமக் காட்டினா நாளைக்கு நான் இங்க இருக்க மாட்டேன்."

"அவ எங்கயுமே இருக்க மாட்டாளேண்ணா."

அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தேன். ரோஸிக்கு நாக்குக் குழறியது. "ஊர் ஊரா இழுத்துட்டுத் திரிஞ்சீங்க. கடைசீல ஒரு வளையத்துக்குள்ள கொண்டாந்து அடச்சிட்டீங்களே" என்றாள்.

எனக்கு அழகான ஜெபம் வரவில்லை. மண்ணில் விழுந்து கத்தினேன். "ஆண்டவரே, இந்த வண்டிகளை நிறுத்தும். உமக்குக் காது இருந்தால் நிறுத்தும்."

பின்பக்க வளைவில் ஒரு காரின் இன்ஜின் வெடித்தது. தடம் முழுக்க எண்ணெய். ஓட்டியவருக்குக் கீறல்கூட இல்லை. இறங்கி வந்து டயரை எட்டி உதைத்தார். ஒரு பெண் சாகக் கிடந்தபோது விரியாத அதே சிவப்புக் கொடி எண்ணெய்க்கு விரிந்தது. எல்லாக் கார்களும் நின்றன.

மீதிப் பந்தயத்தைச் சின்னச் சுற்றில் நடத்த முடிவு செய்தார்கள். தடுப்பு போட என்னைக் கூப்பிட்டார்கள். நான் ரோஸியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த எண்ணெயை மிதித்தே தடத்தைக் கடந்து, பின்பக்கக் கேட்டுக்கு வெளியே போனேன். தக்காளி ஏற்றிய டெம்போ ஒன்று எங்களை மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது.

பிழைத்தாள். ஆனால் பாதத்தில் சதை அழுகி இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். தடுப்பு போடாமல் ஓடிவிட்டேன் என்று எனக்கு வேலையும் போனது.

இப்போது மைசூர் மண்டி மொஹல்லா கடைகளில் மூட்டை தூக்குகிறேன். அவளால் அதிகம் நடக்க முடியாது, அதனால் நானும் அலைவதில்லை. அந்த அதிகாரியை மன்னிக்கச் சொல்கிறார் நம் போதகர். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் மனம் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனாலும் மனுஷன் நிறுத்த மறுத்ததைக் கர்த்தர் நிறுத்தினார். ரோஸி அதோ நம் சபையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பாருங்கள். வழி எல்லாம் அடைந்துபோய் நிற்கிறவர்கள் அவரைக் கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கோபத்தோடே கூப்பிடுங்கள். நான் அப்படித்தான் கூப்பிட்டேன்.